பெயிண்ட், பூந்தொட்டி, பால்கனி நாற்காலி: வாங்கும் முன் சில கேள்விகள்

தபேபுயா மரங்கள் இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் கொட்ட ஆரம்பித்ததும் பெங்களூர்க்காரர்கள் தெருவில் நின்று போட்டோ எடுப்பார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து சொந்தச் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். யுகாதி, சித்திரை ஒன்று என்று இரண்டு பண்டிகை அடுத்தடுத்து வருவதால் பெயிண்டருக்கும் கார்ப்பென்டருக்கும் நர்சரிக்காரருக்கும் இதுதான் சீசன். ரேட்டும் சீசன் ரேட்தான். இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி வீட்டையும் பால்கனியையும் புதுப்பிப்பது பற்றியே இருப்பதால், மற்றவை அடுத்த முறை.

கேள்வி: எங்கள் வீடு 950 சதுர அடி கார்ப்பெட் ஏரியா (சுவர் நீங்கலாக உள்ளே இருக்கும் தரைப்பரப்பு). பெயிண்ட் அடிக்க எஸ்டிமேட் கேட்டால் ஒருவர் 3,100 சதுர அடி என்கிறார், இன்னொருவர் 4,600 என்கிறார். சதுர அடிக்கு ரேட் குறைத்துச் சொன்னவர்தான் அளவை ஏற்றிப் போட்டிருக்கிறார். யாரை நம்புவது? (அல்சூர் வாசகி)

பதில்: டேப்பை நம்புங்கள். பெயிண்ட் வேலையில் பணம் கரைவது ரேட்டில் கொஞ்சம், அளவில் நிறைய. ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். 12க்கு 10, உயரம் 10 அடி. சுற்றளவு 44 அடி, உயரத்தால் பெருக்கினால் 440. கதவு 21 சதுர அடி, ஜன்னல் 16 சதுர அடி. இரண்டையும் கழித்தால் சுவர் 403. சீலிங் 120. மொத்தம் 523. இப்படி அறை அறையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு, "ஹாலுக்கு எவ்வளவு போட்டீங்க, கிச்சனுக்கு எவ்வளவு?" என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். 4,600 எங்கே வீங்கியது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் இரண்டு இடத்தில் வீங்கும். ஒன்று, கதவு ஜன்னலைக் கழிக்காமல் விடுவது. கேட்டால், "ஓரம் பிடிச்சு அடிக்கிற வேலை இருக்கே" என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாதி கழித்துக்கொள்ளலாம் என்று பேசி முடியுங்கள். இன்னொன்று, வார்ட்ரோப் மறைக்கும் சுவரையும் டைல்ஸ் ஒட்டிய சுவரையும் கணக்கில் சேர்ப்பது. இதற்கு ஒரு நியாயமும் கிடையாது. மேலோட்டமாகச் சரிபார்க்க, கார்ப்பெட் ஏரியாவை மூன்றால், மிஞ்சிப்போனால் மூன்றரையால் பெருக்குங்கள். உங்களுக்கு 2,850 முதல் 3,325 வரை வரும். அப்படியென்றால் 3,100 சொன்னவர் அளந்திருக்கிறார்.

பெயிண்டின் அளவும் இதே கணக்குதான். ஏற்கெனவே பெயிண்ட் அடித்த, வழவழப்பான சுவர் என்றால் நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு 120 முதல் 140 சதுர அடி வரை வரும். மேலே சொன்ன அறைச் சுவருக்கு 3 லிட்டர், சீலிங்குக்கு 1 லிட்டர். அந்த அறைக்கு யாராவது 7 லிட்டர் எழுதியிருந்தால், மீதி எங்கே போகும் என்று கேட்பதில் தப்பில்லை. கலர் கலந்துவிட்ட பெயிண்டைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். அதனால் கொஞ்சம் குறைவாக வாங்கி, தேவைப்பட்டால் அதே ஷேட் நம்பரைக் காட்டி இன்னொரு லிட்டர் வாங்குவது மேல்.

"மெட்டீரியலோடு சேர்த்து" என்று பேசினால் எழுத்தில் வரவேண்டியவை: கம்பெனி பெயர் மட்டும் போதாது, அந்தக் கம்பெனியின் எந்த ரகம் என்பதும் வேண்டும். ஒரே கம்பெனியில் லிட்டருக்கு மூன்று மடங்கு விலை வித்தியாசமுள்ள ரகங்கள் உண்டு. பிரைமர் உண்டா, பட்டி (சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவு) முழுச்சுவருக்கா, ஓட்டை அடைக்க மட்டுமா, எத்தனை கோட், இவையும் எழுதப்படட்டும். டின் சீல் உடைவது உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். பெயிண்டர் ஏன் தானே டின்னைத் திறக்க ஆர்வப்படுகிறார் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பல கம்பெனிகள் பெயிண்டருக்கென்றே டின்னில் டோக்கனோ ஸ்கேன் செய்யும் கோடோ வைக்கின்றன. அதைப் பாயின்ட்டாகவோ பணமாகவோ மாற்றிக்கொள்ளலாம். அது திருட்டு இல்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட ரகத்தையே வாங்கச் சொல்லி அவர் ஒற்றைக்காலில் நின்றால் காரணம் அதுவாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. டின்னில் அது அச்சிடப்பட்டிருக்கிறதா பாருங்கள், முக்கியமாக ஜன்னல் கிரில்லுக்கு வாங்கும் மலிவு எனாமலில். பழைய வீட்டு கிரில்லைச் சுரண்டும்போது உலர்ந்த தூளாகப் பறக்கவிடாமல் ஈரத்துணியோ தண்ணீர்த்தாளோ (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள் அன்று பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: பெட்ரூம் சுவரில் கீழே ஒன்றரை அடிக்குப் பெயிண்ட் உப்பி உதிர்கிறது. "டாம்ப் ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா போதும்" என்கிறார் பெயிண்டர். அடிக்கலாமா? (கே.ஆர். புரம்)

பதில்: ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் அடிக்காதீர்கள். ஓர் அடி சதுரத்துக்கு ஒரு பாலிதீன் ஷீட்டை அந்த இடத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமென்றால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருந்தால் முதல் சந்தேகம் டைல்ஸ் இடுக்கு மேலும் பைப் மேலும்தான். பிளம்பருக்குக் கொடுக்கவேண்டிய பணத்தைப் பெயிண்டருக்குக் கொடுத்தால், வெள்ளையாக உப்பு பூத்து அடுத்த வருஷமும் அதே இடத்தில் உதிரும்.

மொட்டைமாடி ஒழுக்கு என்றால் இப்போதே செய்துவிடுங்கள். பெங்களூரில் மே மாதமே மழை வெளுத்து வாங்கும். வாட்டர்ப்ரூஃபிங் கோட்டுக்கு உலர்ந்த தளமும் வெயிலும் வேண்டும். அது மாசி, பங்குனியில்தான் கிடைக்கும். உத்தரவாதம் தருகிறேன் என்பவரிடம் எத்தனை வருஷம், திரும்ப ஒழுகினால் கூலியும் சேர்த்தா, பொருள் மட்டுமா என்று எழுதி வாங்குங்கள். வாய்மொழி கேரன்டி மழையில் கரைந்துவிடும்.

கேள்வி: வாடகை வீடு. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்காக அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்று ஓனர் அக்ரிமென்ட்டில் போட்டிருக்கிறார். இப்போது நானே பெயிண்ட் அடித்தால் அந்தப் பணம் மிஞ்சுமா? (முருகேஷ்பாளையா)

பதில்: தானாக மிஞ்சாது. கையெழுத்துப் போட்ட வரி அப்படியே நிற்கும். அடிப்பதற்கு முன்னால் ஓனருக்கு வாட்ஸ்அப்பில், "என் செலவில் இந்தக் கலர் அடிக்கிறேன்; காலி செய்யும்போது பெயிண்டிங் பிடித்தம் வேண்டாம், சம்மதமா?" என்று கேட்டு, அவர் எழுத்தில் "சரி" என்ற பிறகே பெயிண்டரைக் கூப்பிடுங்கள். "பார்க்கலாம் சார்" என்று பதில் வந்தால் அதற்கு அர்த்தம் "முடியாது" என்பதுதான். அப்படியானால் சுவரை விட்டுவிட்டு, கிளம்பும்போது கூடவே எடுத்துப்போகக் கூடிய திரைச்சீலை, விளக்கு, தொட்டி இவற்றில் செலவு செய்யுங்கள். வீட்டு வாடகைத் தகராறு பொதுவாக நுகர்வோர் ஆணையத்துக்குள் வராது. அதனால் எழுத்தில் இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: நர்சரியில் வாங்கும்போது ரோஜாச் செடியில் பூ குலுங்கியது. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இலை கொட்டிக் குச்சியாகிவிட்டது. பெட்டூனியாவும் அப்படியே. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (ஜெயநகர் வாசகி)

பதில்: ரோஜா விஷயத்தில் பாதி ஏமாற்று, பெட்டூனியா விஷயத்தில் ஏமாற்றே இல்லை. பெட்டூனியா, டயாந்தஸ், பான்சி எல்லாம் குளிர்காலப் பூக்கள். ஜனவரியில் லால்பாக் மலர்க்கண்காட்சி சமயத்தில் அவை உச்சத்தில் இருக்கும். மார்ச்சில் அவற்றை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள் என்றால் அவற்றின் ஆயுள் முடிகிற நேரம் என்று அர்த்தம். வெயில் காலத்துக்குக் காகிதப்பூ, செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை வாங்குங்கள். காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூவே வரும். இந்த ஊர் கோடைக்கு அதைவிட ஒத்துப்போகிற செடி கிடையாது.

ரோஜாவைப் பூத்த நிலையில் வாங்காதீர்கள். மொட்டு இரண்டு மூன்று, தண்டின் கீழிருந்து நல்ல துளிர், அது போதும். நர்சரியில் பசுமை வலைக்கடியில், உரம் போட்டு, வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்து வளர்ந்த செடி அது. வந்த அன்றே தொட்டி மாற்றி உச்சி வெயிலில் வைத்தால் மிரண்டுதான் போகும். ஒரு வாரம் அதே கவரோடு அரை நிழலில் வைத்து, பிறகு சாயங்காலமாகப் பார்த்துத் தொட்டி மாற்றுங்கள். உங்கள் பால்கனிக்கு ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் வராது என்றால் ரோஜா ஆசையை விட்டுவிடுவது நல்லது.

வாங்கும்போது மூன்று இடம் பார்க்கவேண்டும். இலையைத் திருப்பி அடிப்பக்கம்: வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. அந்த ஒரு செடி உங்கள் பால்கனி முழுவதையும் கெடுக்கும். கவரின் அடி: வேர் ஓட்டை வழியே தடியாக வெளியே வந்து தரையைப் பிடித்திருந்தால் அது அந்தக் கவரில் நெடுநாள் இருந்த செடி. ஒட்டு போட்ட இடம்: ரோஜாவாகட்டும் மாங்கன்றாகட்டும், ஒட்டுக்குக் கீழே கிளம்பிய கிளை அடியில் இருக்கும் வேர்ச்செடியுடையது. அது எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் நீங்கள் காசு கொடுத்த பூ அதில் வராது. அதைக் கிள்ளிவிட வேண்டும். கள்ளிச்செடி உச்சியில் உதிராத பூ இருந்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், பசை போட்டு ஒட்டிய உலர்பூவாக இருக்கும்.

விலை விஷயம். உயிருள்ள செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது. மண்பானைக்கும் கிடையாது. பிளாஸ்டிக் தொட்டிக்கு உண்டு. மொத்தத் தொகைக்கும் வரி போட்டிருந்தால் பில்லைப் பிரித்துக் கேளுங்கள். பேரம் பேச விருப்பமில்லாதவர்கள் லால்பாக்கில் இருக்கும் நர்சரிமென் கூட்டுறவுச் சங்கத்தில் பார்க்கலாம். நாலு கடை ஏறி இறங்கப் பிடிக்கும் என்றால் பக்கத்திலேயே சித்தாபுராவில் வரிசையாக நர்சரிகள் உண்டு. காய்கறி விதைக்கு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா' ரகங்களைச் சிபாரிசு செய்வேன். விதையை ஆன்லைனிலும் விற்கிறார்கள். எங்கே வாங்கினாலும் பாக்கெட்டில் முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும் என்ற மூன்றும் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

கேள்வி: மண்புழு உரம் கிலோ கணக்கில் வாங்கினால் ஈரமாக, கனமாக இருக்கிறது. தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோமா? (பானஸ்வாடி)

பதில்: கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் வேண்டும். உரக் கட்டுப்பாட்டு விதிப்படி மண்புழு உரத்தில் ஈரம் 15 முதல் 25 சதவீதம். கையில் பிடித்து இறுக்கினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். சொட்டினால் தண்ணீர்தான் வாங்குகிறீர்கள். நாற்றம் அடித்தால் மக்கவே இல்லை. தேங்காய்நார்த் தூளைக் கட்டியாக வாங்குவது லாபம்: 5 கிலோ கட்டி ஊறினால் எழுபது லிட்டர் பக்கம் வரும். உப்பு போகக் கழுவிய ரகமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்களே இரண்டு தண்ணீரில் அலசுங்கள். பால்கனிக்கு எடை ஒரு முக்கியமான விஷயம். செம்மண் மட்டும் நிரப்பிய 20 லிட்டர் தொட்டி, நனைந்தால் 30 கிலோவைத் தாண்டும்.

கேள்வி: அபார்ட்மென்ட் சங்கம் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஃபைன் வரும் என்கிறது. நிஜமா? (வைட்ஃபீல்டு)

பதில்: பாதி நிஜம். 2024 மார்ச் தட்டுப்பாட்டிலும், மறுபடி 2025 பிப்ரவரியிலும் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தத் தடை போட்டு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. தடை குடிநீருக்குத்தான். அரிசி, காய்கறி அலசிய தண்ணீரை ஊற்ற யாரும் தடுக்க முடியாது. சங்கத்தின் சுத்திகரிப்பு நிலையத் தண்ணீர் இருந்தால் பூச்செடிக்கும் மரத்துக்கும் தாராளமாக விடலாம். பச்சையாகச் சாப்பிடும் கீரை, கொத்தமல்லிக்கு வேண்டாம். ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணீரைப் பலர் செடிக்கு விடுகிறார்கள். போர்வெல் தண்ணீர் வரும் வீட்டில் அது உப்பு ஏறிய தண்ணீர். தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி கருகும். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலையைப் பரப்பினால் தினம் ஊற்றும் செடிக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும்.

கேள்வி: ஆன்லைனில் 'அவுட்டோர்' பிரம்பு நாற்காலி செட் வாங்கினேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கால் துருப்பிடித்து, பின்னல் நொறுங்குகிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் இருப்பதாகச் சொல்லிக் கைவிரிக்கிறார்கள். (எலக்ட்ரானிக் சிட்டி)

பதில்: அந்த வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அப்படித்தான். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஆனால் வெளியில் போடலாம் என்று சொல்லி விற்ற பொருள் வெளியில் நிற்கவில்லை என்பது தனிக் குறைபாடு, அதற்கு இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். விற்ற பக்கத்தில் 'அவுட்டோர்' என்று எழுதியிருப்பதை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அந்த வார்த்தை காணாமல் போகும். அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்கள். 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டியது விதி. நகராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை.

அடுத்த முறை வாங்கும்போது பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். காலில் ஒட்டினால் இரும்பு. பவுடர் கோட்டிங் ஒரு இடத்தில் சிராய்த்தாலும் அங்கிருந்து துரு கிளம்பும். ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்க வாய்ப்பு அதிகம், தூக்கிப் பார்த்தால் லேசாகவும் இருக்கும். அந்தப் 'பிரம்பு' பெரும்பாலும் பிளாஸ்டிக் நாடா. வெயில் தாங்கும் ரகமா, எத்தனை வருஷ உத்தரவாதம் என்று எழுத்தில் கேளுங்கள். நிஜப் பிரம்பு வேண்டுமென்றால் அது மழை படாத சிட்அவுட்டுக்கு மட்டும். மர பெஞ்ச் செய்யக் கொடுத்தால், பிளைவுட்டில் 'எம்ஆர்' முத்திரை இருப்பதை வெளியே போடாதீர்கள். அது வீட்டுக்குள் அடிக்கும் ஈரக்காற்றைத் தாங்கும், மழையைத் தாங்காது. தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரையுள்ளதைக் கேளுங்கள். முத்திரையின் லைசென்ஸ் நம்பரை, தர முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டு உண்மைதானா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

கேள்வி: டீப் கிளீனிங் ஆப்பில் புக் பண்ணினேன். காட்டிய தொகையைவிடக் கூடப் போய்விட்டது. பார்த்தால் 'பாதுகாப்புத் திட்டம்' என்று ஒன்று தானாகச் சேர்ந்திருக்கிறது. (கம்மனஹள்ளி வாசகி)

பதில்: கேட்காமல் கூடையில் போடுவதும், முன்கூட்டியே டிக் அடித்து வைப்பதும் கூடாது. 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில் தடைசெய்த, ஆன்லைனில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 தந்திரங்களில் அதுவும் ஒன்று. பில்லின் படத்தோடு பணத்தைத் திரும்பக் கேளுங்கள். சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள். வேலை ஆரம்பிக்கும் முன் சோபா, சிங்க், கிரானைட் மேடை மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். கிரானைட்டிலும் மார்பிளிலும் ஆசிட் படக்கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பால்கனிக்கு அலங்கார விளக்கு எதைப் பார்த்து வாங்குவது? (ஜீவன் பீமா நகர்)

பதில்: பெட்டியில் ஐபி என்று போட்டு இரண்டு எண் இருக்கும். முதலாவது தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. சாரல் மட்டும் படும் இடத்துக்கு 44, நேராக மழை விழும் இடத்துக்கு 65. எண்ணே இல்லாத சீரியல் விளக்கை வீட்டுக்குள் கொலுவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிளாஸ்டிக் வேண்டாம் என்று மண்தொட்டிக்கு மாற நினைக்கிறோம். மாலில் கேட்ட விலை தலைசுற்றுகிறது. (பிரேசர் டவுன்)

பதில்: உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பென்சன் டவுன் பக்கம் பாட்டரி டவுன் இருக்கிறது, மாலுக்கு ஏன் போனீர்கள்? அங்கே செய்கிறவர்களிடமே வாங்கலாம். விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் எல்லாரும் பிள்ளையார் பிடிக்கப் போய்விடுவார்கள், தொட்டிக்கு ஆள் கிடைக்காது. இப்போது போனால் நின்று பேசி வாங்கலாம். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் நன்றாகச் சுட்டது, பொத்தென்றால் விரிசல் இருக்கும். அடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இல்லாத தொட்டியை வாங்கி வீட்டில் டிரில் போட்டால் பத்தில் சில உடையும். ஆர்டர் கொடுத்துச் செய்வதாக இருந்தால் சூளையில் வைக்கும் முன்பே, ஒரு கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போடச் சொல்லிவிடுங்கள்.